மங்களாம்பிகையின் வாத்து வண்டி

மங்களாம்பிகையின் வீடு திருவிடைமருதூரில், கோயிலுக்கு ரொம்பப் பக்கத்திலும் இல்லாமல் ரொம்பத் தூரத்திலும் இல்லாமல், நாலு கார் வந்தாலும் நிறுத்த வசதியான ஒரு தெருவில் இருந்தது. அந்த வசதிதான் அவளுக்கு வினையாக வந்து முடிந்தது. சூரியனார் கோயிலுக்குப் போகிறவர்கள், கஞ்சனூருக்குப் போகிறவர்கள், திருநாகேஸ்வரத்தில் பாலபிஷேகம் செய்ய வருகிறவர்கள், மகனுக்குப் பெண் அமையவில்லையென்று ஒன்பது கிரகத்தையும் இரண்டே நாளில் பார்த்து முடித்துவிட நினைக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் அவளுக்கு உறவாக இருந்தார்கள். உறவில்லாதவர்கள் உறவுக்காரர்களோடு சேர்ந்து வந்தார்கள்.

"மங்களா, நாங்க விழுப்புரம் தாண்டிட்டோம்" என்று போன் வரும். வரட்டுமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "ஒனக்குச் சிரமமே வேண்டாம். சும்மா ஒரு ரசம் வச்சாப் போதும்" என்பார்கள். பதினோரு பேரை வரிசையாக உட்கார வைத்து வெறும் ரசத்தை ஊற்ற எந்த மனுஷிக்குக் கை வரும்?

முப்பத்தோரு வருஷம் அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். அமைப்பாளர் என்றால் அரிசி, பருப்பு, முட்டைக்குப் பதிவேடு எழுதுகிறவர், சமைப்பதற்கு வேறு ஆள் உண்டு என்பதை அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். உறவுக்காரர்கள் காதில் அது ஏறவில்லை. "நூத்தி நாப்பது புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவ, நாங்க பத்துப் பேரு ஒனக்கு ஒரு கணக்கா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டினார்கள்.

முடியாது என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்று, "வாங்க வாங்க" என்று மாறி வெளியே விழும். பொய் சொல்லவும் முயற்சி செய்தாள். ஒரு தடவை, "எனக்கு அம்மை போட்டிருக்கு" என்று போனில் சொன்னாள். அம்மை கண்ட வீட்டுக்கு வருவது புண்ணியம் என்று அவர்கள் வேப்பிலைக் கட்டும் இளநீருமாக வந்து இறங்கினார்கள். மூன்று நாள் வேப்பிலை மேல் படுத்து, தாளிக்காத கஞ்சியைக் குடித்தாள். இன்னொரு தடவை எதிர்வீட்டுக் குந்தவையிடம் சொல்லி வாசலை வெளியே பூட்டச் செய்து, புருஷனோடு உள்ளேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பப் போன நேரத்தில் அவளுடைய குக்கரே மூன்று விசில் அடித்துக் காட்டிக் கொடுத்தது.

புருஷன் சிங்காரவேலு பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றிலும் வாய்க்காலிலும் ஷட்டரை ஏற்றி இறக்கித் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. முப்பத்து நாலு வருஷம் தண்ணீர்ச் சத்தத்தோடு வாழ்ந்ததாலோ என்னவோ, பேச்சு ரொம்பக் குறைவு. விருந்தாளிகள் வந்தால், "சரி" என்பார். போனால், "சரி" என்பார். ஒரே மகள் வானதி ஓசூரில் குடும்பமாக இருந்தாள். அவளாவது, "கேட்டைத் தொறக்காதம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். நடக்கிற காரியமா அது?

மங்களாம்பிகை ஓய்வு பெற்ற மாதம், கையில் மொத்தமாக ஒரு லட்ச ரூபாய் வந்தது. அதை எந்த பேங்கில் போடலாம் என்று யோசித்தபடி ஆடுதுறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்வதைப் பார்த்தாள். வரப்போரம் ஒரு பழைய வேன் நின்றது. அதன் பின்கதவைத் திறந்து போட்டு, ஒரு பெண்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு சின்னச் சட்டியில் தனக்கு மட்டும் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டியின் அளவு மங்களாம்பிகையின் மனசைப் பிடித்துக்கொண்டது. இந்த மாதம் இந்த வயல், அடுத்த மாதம் வேறு வயல். இவளுக்கு யார் போன் போட்டு, விழுப்புரம் தாண்டிவிட்டோம் என்று சொல்ல முடியும்?

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

வாத்துக்காரர் லாரி வாங்கப் போவதாகவும் வேனைத் தள்ளிவிடத் தயார் என்றும் சொன்னார். விலை அடிமாட்டு விலை. காரணம் பின்கதவுக்கு அருகே போனதும் விளங்கிவிட்டது. ஏழு வருஷம் வாத்து ஏற்றிய வண்டி அது. நாற்றம் தகரத்தோடு தகரமாகக் கலந்திருந்தது.

"கழுவினாப் போயிடுமா?" என்று கேட்டாள்.

"போயிடும்மா" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது சிங்காரவேலு வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். "யாரு ஓட்டுறது?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு மொபெட் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

"நான்தான்" என்றாள் மங்களா.

"சரி" என்றார்.

கழுவுதல் பதினோரு நாள் நடந்தது. புளியைக் கரைத்துத் தேய்த்தார்கள். எலுமிச்சம்பழம், மஞ்சள், பினாயில், கடைசியாகச் சாம்பிராணி. வெயில் அடித்தால் வேன் கோயில் மாதிரி மணந்தது. ஒரு தூறல் விழுந்துவிட்டால் போதும், உள்ளேயிருந்து முந்நூறு வாத்து ஒன்றாக நடந்து வருவது போல வாசம் கிளம்பியது. எங்கே ஆணி அடித்தாலும் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு இறகு எட்டிப் பார்த்தது. தெருவில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள். "நடமாடும் வீடு" என்று சொன்னாள். நடமாடும் கோழிக்கடை என்று அவர்களாகவே திருத்திக்கொண்டார்கள்.

உள்ளே வைக்கிற சாமானுக்குக் கூத்தாநல்லூர் போனாள். அங்கே உபைதுல்லா என்பவர் பழைய வீட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். மலேசியா, சிங்கப்பூர் என்று சம்பாதித்து வந்தவர்கள் வீட்டை இடித்துக் கட்டும்போது கழிக்கிற கதவு, கண்ணாடி, கட்டில் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும்.

"பாய், ரெண்டு பேரு படுக்கணும். பகல்ல அது பெஞ்சா ஆவணும். அடியில அரிசி மூட்டை போவணும். நடுவுல வந்து நின்னு நான் சமைக்கவும் எடம் வேணும்."

உபைதுல்லா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அக்கா, நீங்க கட்டில் கேக்குறீங்களா, மாயாஜாலம் கேக்குறீங்களா?"

இருந்தாலும் கடையின் பின்பக்கம் போய், மலேசியா ஈப்போவிலிருந்து யாரோ கப்பலில் கொண்டுவந்த ஒரு மடக்குக் கட்டிலை இழுத்து வந்தார். மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில், பாதி மடக்கினால் மேஜை. மடிகிற கமோடு நாற்காலி ஒன்றையும் காகிதத்தில் சுற்றி, யாரும் பார்க்காதபடி சேர்த்துக் கட்டினார். அவர் மனைவி தஹ்மீனா தையல்காரி. கல்யாண மண்டபத்தில் தோரணம் கட்டி மீந்த ரோஸ் சாட்டின் துணியில் ஜன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தாள். "மேல மட்டும் கோத்தா காத்துல பறக்கும்க்கா. கீழயும் ஒரு கம்பி விட்டுக்கோங்க" என்று அவள் சொன்ன யோசனைக்குக் காசு வாங்கவில்லை. அவளுக்கும் வீடு நிறைய மச்சினர்கள் இருந்தார்கள். எதற்காக இந்த வேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, திரையின் தையலை இரட்டையாகப் போட்டுக் கொடுத்தாள்.

மேல்தகரம் வைகாசி வெயிலில் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. அரிசி ஆலையில் பழைய சாக்கு வாங்கி நாலு அடுக்காகக் கொடுத்து, மேலே கோரைப்பாயை வைத்து, ரீப்பர் கட்டையால் அழுத்தித் திருகாணி போட்டார் சிங்காரவேலு. அண்ணாந்து படுத்தால் பாயைத் தலைகீழாக விரித்தது போல இருக்கும். அடுப்புக்குப் பின்கதவோரம் வெளியே இழுக்கிற பலகை. ஒரு ஐந்து கிலோ சிலிண்டர். கூரையில் சின்னதாக ஒரு சோலார் தகடு, அதற்கு ஒரு காற்றாடி.

தண்ணீர் மட்டும் தன் இலாகா என்று சிங்காரவேலு சொல்லிவிட்டார். நாற்பது லிட்டர் டிரம்மை உயரத்தில் பொருத்தி, சாதாரணக் குழாய் வேண்டாமென்று, திருகிற சக்கரம் வைத்த பித்தளை வால்வு ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். காலையில் அந்தச் சக்கரத்தைப் பிடிக்கும்போது அவர் முகத்தில் பழைய உத்தியோகக் களை வந்துவிடும்.

"இன்னிக்கு எட்டு லிட்டர் தொறப்பு."

"பாத்திரம் கழுவணும்ங்க. இன்னும் கொஞ்சம் விடுங்க."

"அது சாயந்திரம். மொறை வச்சுத்தான்" என்று வால்வை இறுக்கினார்.

குளிப்பதற்கு மங்களா கண்டுபிடித்த வழிதான் தெருவுக்கே வேடிக்கை. பயிருக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர் ஒன்று, புத்தம் புதுசாக, மருந்து வாசனை படாதது, மானியத்தில் கிடைத்தது. தார்ப்பாய் மறைப்புக்குள் சிங்காரவேலுவை நிற்க வைத்து, அதை முதுகில் மாட்டிக்கொண்டு, குழலால் தலையிலிருந்து கால்வரை அடித்தாள். அவர் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

"புழு பூச்சி ஏதும் தெரியுதா?" என்று கேட்டார். கல்யாணம் ஆகி அவர் அடித்த மூன்றாவது நகைச்சுவை அது.

நிழலுக்கு ஒரு கூடாரத் துணி வேண்டியிருந்தது. புதிதாக வாங்கப் பணம் மிச்சமில்லை. அப்போதுதான் பரணில் கிடந்த ஃபிளெக்ஸ் ஞாபகம் வந்தது. மங்களாவின் பெரியப்பா மகன் குணசேகரன் திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன் கும்பகோணத்தில் மண்டபம் பிடித்து மணிவிழா நடத்தினார். முடிந்ததும் மீந்த சாமான் எல்லாம் வழக்கம்போல மங்களா வீட்டில் வந்து விழுந்தது. அதில் இருபதடிக்குப் பத்தடி ஃபிளெக்ஸும் ஒன்று. குணசேகரன் கைகூப்பி நிற்கிறார். மேலே, ‘வருக வருக! வருகை தரும் அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்!’

விருந்தாளிகளில் முதல் இடம் அவருக்குத்தான். வருஷத்துக்கு நாலு தடவை, குறையாமல் பத்துப் பேரோடு வருவார். அவரிடமிருந்து ஓடுவதற்குச் செய்த வண்டிக்கு அவரையே நிழலாகக் கட்டிக்கொண்டாள் மங்களா. வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படியும் படம் உள்பக்கமாகக் கவிழ்ந்திருக்கும்படியும் கட்டினாள். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்தால் அண்ணன் மேலே நின்று கும்பிட்டு வரவேற்றுக்கொண்டே இருப்பார்.

வண்டியின் பேப்பரை மாற்ற மூன்று நடை நடந்தாள். ஓட்டுநர் பள்ளியில் பத்தொன்பது வயசுப் பெண்களோடு உட்கார்ந்து சைகைப் படங்களை மனப்பாடம் செய்தாள். தேர்வு நாளில் எட்டுப் போடச் சொன்னார்கள். அவள் போட்டது எட்டா மூன்றா என்று அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவள் வயசைப் பார்த்துவிட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். இரண்டாம் தடவை போட்டது யார் பார்த்தாலும் எட்டுதான்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் போன் வந்தது. விழுப்புரம் தாண்டிவிட்டார்களாம். அவர்கள் பண்ருட்டி வருவதற்குள் மங்களா வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேனைக் கிளப்பிவிட்டாள். யார் வந்து கேட்டாலும், காசிக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும்படி குந்தவையிடம் சொல்லியிருந்தாள். காசிக்குப் போனவர்களைக் கோபித்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

போனது ஆறு கிலோமீட்டர். வீரசோழன் ஆற்றங்கரையில், பெரிய இலுப்பை மரத்தடியில், ஒரு மதகுக்குப் பக்கத்தில் வேன் நின்றது. இந்த ஜில்லாவில் எந்தக் கரையில் எந்த மரத்தடியில் வண்டி நிற்கலாம், எங்கே சேறு, எங்கே காற்று வரும் என்பதெல்லாம் சிங்காரவேலுவுக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கே இப்போது வேலை பார்க்கிற லஸ்கர், "அண்ணே" என்று வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். மங்களா ஒரு சின்னச் சட்டியில் இரண்டே பேருக்குக் கத்தரிக்காய் வதக்கினாள். முதல் வாய் சாப்பிட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

டீசல் செலவு குறைவு. மகிழ்ச்சி அதிகம். அந்த வருஷம் ஐந்து தடவை காசிக்குப் போனார்கள். ஒரு தடவை அரசலாற்றங்கரை, ஒரு தடவை தாராசுரத்துக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் கரை. இத்தனை தடவை எதற்குக் காசி என்று சந்தேகம் கேட்டவர்களுக்குக் குந்தவை தானாகவே, "மொதல்ல மாமனாருக்கு, அப்புறம் மாமியாருக்கு, இப்ப சின்ன மாமனாருக்கு" என்று அடுக்கிச் சமாளித்தாள். கங்கைத் தீர்த்தம் கேட்டு நச்சரித்த ஒரு சித்திக்கு, வீரசோழன் தண்ணீரைச் சின்னச் செம்பில் அடைத்து, மெழுகு வைத்து மூடிக் கொடுத்தாள் மங்களா. ஐப்பசியில் கங்கையே காவிரிக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறாள் என்று ஊரே சொல்கிறது. அந்தக் காவிரியில் பிரிகிற ஆறுதானே வீரசோழன்? அப்படிப் பார்த்தால் இதில் பொய் எங்கே இருக்கிறது என்று சிங்காரவேலுவைக் கேட்டாள்.

"சரி" என்றார் அவர்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு குணசேகரன் போனே போடாமல் கிளம்பி வந்தார். சொல்லிவிட்டு வந்தால் தங்கச்சி காசிக்குப் போய்விடுகிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் விடுமுறை என்றாலே யாராவது வருவார்கள் என்பது மங்களாவுக்குத் தெரியாதா? அவள் முந்தின நாளே கரைக்கு வந்துவிட்டாள். பூட்டின வீட்டைப் பார்த்த குணசேகரன், சரி, கோயிலையாவது பார்ப்போம் என்று பதின்மூன்று பேரை ஏற்றின டெம்போவைக் கஞ்சனூருக்குத் திருப்பினார். வழியில் பாலம் வேலை. டிரைவர் சுற்றுப்பாதையில் விட்டு, அங்கேயும் திரும்பத் தப்பி, கடைசியில் ஆற்றங்கரை மண்சாலையில் ஏறிவிட்டார்.

அன்றைக்குக் காற்று. சாரலும் சேர்ந்துகொண்டது. மங்களா கட்டியிருந்த கூடாரத்தின் ஒரு கயிறு அவிழ்ந்து, ஃபிளெக்ஸ் அப்படியே மேலே மடங்கி, வேனின் கூரையைத் தாண்டி மறுபக்கம் சாலையைப் பார்த்துத் தொங்கியது. பச்சை வயலுக்கு நடுவே, ஆளரவம் இல்லாத ஆற்றங்கரையில், பத்தடி உயரக் குணசேகரன் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

டெம்போ தானாகவே நின்றது.

"அது... நான்தானே?" என்றார் குணசேகரன்.

மங்களா அப்போது முதுகில் ஸ்பிரேயரோடு பாத்திரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். டெம்போவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்குவதைப் பார்த்தாள். ஓடலாமா என்று ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே வாங்க" என்றது அவள் வாய்.

"காசிக்குப் போயிருக்கேன்னு சொன்னாங்க?" குணசேகரனின் மனைவி செவ்வந்தி கேட்டாள். கேள்வியில் கொஞ்சம் ஊசி இருந்தது.

மங்களா ஸ்பிரேயரை முதுகிலிருந்து இறக்கி வைத்தாள். "காசிதான் அண்ணி. காசிக்குச் சமமா காவிரிக் கரையில ஆறு ஊரு இருக்குன்னு சொல்லுவாங்கல்ல? திருவையாறு, நம்ம ஊரு, வாஞ்சியம், மாயவரம்... அதைத்தான் சுத்திக்கிட்டிருக்கோம். வேண்டுதல். நடுவுல வீட்டுக்குத் திரும்பக் கூடாது."

"அப்ப என் படம்?"

"நீங்க பெரியவங்க. ஒங்க நெழல்ல போனா நல்லதுன்னு..."

குணசேகரனின் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "பாத்தீங்களா? கூடப் பொறந்தவகூட இல்ல. சித்தப்பா மக! என் படத்தை வச்சுக்கிட்டு க்ஷேத்திராடனம் போறா!" சிங்காரவேலுவின் தோளைப் பிடித்து, "மாப்ளே, ஒங்க யாத்திரையை நாங்க கெடுக்க மாட்டோம்" என்றார்.

"சரி" என்றார் சிங்காரவேலு.

அந்த நெகிழ்ச்சி ஆறுவதற்குள் மங்களா வேனுக்குள் போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அண்ணன் கையில் வைத்தாள். "வீடு பூட்டித்தான் கெடக்கு. அரிசி டிரம்முல இருக்கு. பால்காரன் ஆறு மணிக்கு வருவான், காய் வண்டி ஏழு மணிக்கு. ஒங்க வீடு மாதிரி இருந்துக்குங்க." சாவியை அண்ணன் வாங்கும்போது செவ்வந்தியின் முகம் மாறியதை அவள் கவனிக்காமல் இல்லை.

டெம்போ போன பிறகு மழை வலுத்தது. வேனுக்குள் வாத்துகள் திரும்பி வந்தன. காலை வரை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த மங்களாவுக்கு, விடியும்போது ஒரு யோசனை பிறந்தது. போனை எடுத்தாள்.

"அண்ணே, நாங்க ஆடுதுறை தாண்டிட்டோம்."

"எங்க வர்றீங்க?"

"நம்ம வீட்டுக்குத்தான். வேண்டுதல்ல சொந்த வீடாத்தான் போகக் கூடாது. இப்ப நீங்க இருக்குற வீடு, விருந்தாளியா வரலாம். அண்ணிகிட்டச் சொல்லுங்க, சிரமமே வேண்டாம். சும்மா ஒரு ரசம் போதும்."

வாசலில் செருப்பை ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலுமாகக் கழற்றிப் போட்டாள். கூடத்தில் காற்றாடிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஈரத் துண்டை இன்னொரு நாற்காலியின் முதுகில் விரித்தாள். "ஹீட்டர் போட்டிருக்கா?" என்று யாரையும் குறிப்பிடாமல் கேட்டாள். செவ்வந்தி காபி கொண்டுவந்து கொடுத்தபோது ஒரு வாய் குடித்து, "நல்லாத்தான் இருக்கு. எங்க பக்கத்துப் பால் வேற மாதிரி இருக்கும்" என்றாள். பால் அவளுடைய பால்காரரிடம் வாங்கியதுதான்.

சிங்காரவேலு இரண்டாவது காபி கேட்டார். அவர் இதைச் சந்தோஷமாகச் செய்கிறார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பதினைந்து பேருக்கு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள் செவ்வந்தி. மங்களா சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். "நான் ஏதாவது பண்ணட்டுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் திரும்பிவிட்டாள். முப்பத்தைந்து வருஷமாகச் செவ்வந்தி அந்த நிலைப்படியில் நின்று அதே கேள்வியை, அதே மாதிரி கேட்டிருக்கிறாள்.

இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். அண்ணி கோபமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தாள். திரும்பிப் பார்த்தபோது, செவ்வந்தி தோசைக்கல்லில் சுட்டுக்கொண்ட விரலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடி நின்றாள்.

"எல்லாம் புரியுது மங்களா" என்றாள். "நீ கேக்குறது நியாயம். ஆனா ஒண்ணு சொல்றேன். திருப்பூர்ல எங்க வீட்டுக்கு வந்து பாரு. ஒங்கண்ணன் தெருவுல போறவனையெல்லாம் வருக வருகன்னு கூட்டியாந்துடுவாரு. நான் சனியும் கும்புடல, சுக்கிரனும் கும்புடல. வருஷத்துல நாலு தடவை, ரெண்டு நாளு, அடுப்பு முகத்துல முழிக்காம இருக்கலாம்னுதான் இங்க வர்றதே."

மங்களாவுக்கு விளையாட்டு எல்லாம் வடிந்துவிட்டது. செவ்வந்தியின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். கொப்புளம் எழும்பியிருந்தது. இத்தனை வருஷம் இந்த அண்ணியைச் சோம்பேறி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"தோசை இன்னும் எத்தனை பேருக்கு?"

"ஒங்கண்ணனுக்கு, பசங்களுக்கு, அப்புறம் ரெண்டாவது ரவுண்டு."

மங்களா அடுப்பை அணைத்தாள். மாவுப் பாத்திரத்தைத் தட்டால் மூடினாள். "ஒரு தலகாணி எடுத்துக்குங்க அண்ணி. கொல்லப்பக்கமா வாங்க."

வேன் கிளம்புகிற சத்தம் கேட்டுக் குணசேகரன் வாசலுக்கு வந்தபோது வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ரோஸ் திரைக்குப் பின்னால் அவர் மனைவியின் தலை தெரிந்தது.

"எங்கடா போறாங்க?" என்றார்.

"வேண்டுதல்" என்றார் சிங்காரவேலு. தன்னை விட்டுவிட்டுப் போனதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேராகக் கொல்லைக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் குழாயை இறுக மூடினார். "வீட்டுல ஆளு அதிகம். இனிமே மொறை வச்சுத்தான்" என்று பனியன் வியாபாரியிடமும் அவர் பிள்ளைகளிடமும் ஆளுக்கு அரை வாளி என்று அறிவித்தார். அன்று ஆண்கள் சேர்ந்து உப்புமா கிண்டினார்கள். கரண்டியைக் குத்தி நிறுத்தினால் விழாத உப்புமா. குந்தவை பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு தூக்கு சாம்பார் அனுப்பினாள். மறுநாள் காலையில் டெம்போ திருப்பூர் போய்விட்டது. செவ்வந்தி மட்டும் ஒரு வாரம் கழித்துத் தனியாக பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு வீட்டுச் சாவி குந்தவையிடம் இருக்கிறது. வருகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம், சமைத்துக்கொள்ளலாம், கூட்டிப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். வருகிறவர்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டார்கள். கும்பகோணத்தில் இத்தனை நல்ல லாட்ஜ்கள் இருப்பது திடீரென்று எல்லோருக்கும் தெரிய வந்தது. "மங்களா இல்லாத வீட்டுல என்ன இருக்கு?" என்று யாரோ சொன்னதாகக் காதுக்கு வந்தபோது, அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. ஒரு நாள் முழுக்க எதைச் செய்தாலும் மனசு ஒட்டவில்லை. சாயந்திரம் நூற்று நாற்பது பேருக்கு ஆகிற அளவுக்கு மாவு அரைத்து, தெரு முழுக்கக் கொடுத்து அனுப்பினாள்.

செவ்வந்தி வருஷத்துக்கு மூன்று தடவை வருகிறாள். யாரையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. வரும்போது திருப்பூர் பனியன் பை நிறைய, போகும்போது கத்தரிக்காய். முதல் நாள் கரையில் பதினோரு மணி வரை தூங்குவாள். மங்களா பாத்திரத்தை ஓசைப்படாமல் எடுத்து வைப்பாள்.

போன தை மாதம், தாராசுரத்துக்குத் தெற்கே வாய்க்கால் கரையில், செவ்வந்தி தானும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். மங்களா பக்கத்தில் உட்கார்ந்து கிளட்ச்சையும் பிரேக்கையும் காட்டினாள். வேன் முதல் கியரில் உறுமிக்கொண்டு, அறுத்துப் போட்ட வயல்களுக்கு நடுவே ஊர்ந்தது. வழியில் ஆடுகள் நின்றன. சிங்காரவேலு இறங்கி, ஆடுகளை ஓட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்த மதகுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். கட்டையில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்ற வைத்து, அது முடிந்த பிறகும் காத்துக்கொண்டிருந்தார்.